மாட்டினதைக் கழற்றாதவர்

அதியமான்கோட்டையில் பிரேக் வேலை பார்த்த பாய் சர்க்கரை போடாத டீதான் குடிப்பார். அவருக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. எப்போதோ ஒரு நாள் எதிர் டீக்கடை அம்மா மறதியில் சர்க்கரை போடாமல் கொடுத்துவிட்டாராம். ஒரு வாய் குடித்ததும் இவர் முகம் போன போக்கைப் பார்த்து, "ஐயோ பாய், சக்கர போடலீங்களா? குடுங்க, கலக்கித் தரேன்" என்று அந்த அம்மா கையை நீட்டியிருக்கிறார்.

"இல்லம்மா, நான் கேட்டதே இப்படித்தான்" என்று சொல்லி இவர் முழுசாகக் குடித்து முடித்துவிட்டார். அன்று முதல் அவருக்கு அந்த டீதான்.

"இத்தன வருசமா கசப்பக் குடிச்சிக்கிட்டு கெடக்குது அந்த மனுசன். 'சக்கர போடும்மா'ன்னு ஒரு வார்த்த சொன்னா நான் என்ன தூக்குலயா போடப்போறேன்?" என்பார் டீக்கடை அம்மா.

இதைக் கேட்டு நானும் சிரித்திருக்கிறேன். என் வண்டியின் பிரேக் போகும் வரைக்கும்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். முதல் தடவையே கேட்டிருக்க வேண்டும். பழகி வருஷங்கள் போன பிறகு "உங்க பேரு என்னாங்க?" என்று எப்படிக் கேட்பது? எனக்குக் கூச்சம் அதிகம். ரேஷன் கடையில் எடை குறைந்தாலும் வாயைத் திறக்காமல் பையைக் கட்டிக்கொண்டு வருகிறவன் நான். "வாயில என்ன கொழக்கட்டையா வெச்சிருக்கீங்க?" என்று என் மனைவி கேட்காத நாள் இல்லை.

நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கொட்டகைதான் அவர் கடை. கடைப் பெயர் எழுதிய போர்டு ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் இருக்கும் புளியமரத்தைப் பார்த்து நிற்கும். கம்பம் நட்டுக் கான்கிரீட் போட்ட பிறகுதான் திசை மாறிப்போனது தெரிந்ததாம். திருப்பி வைக்கலாமே என்று கேட்டவர்களுக்கெல்லாம், "வேல தெரிஞ்சவன்கிட்ட வர்றவன் தேடிக்கிட்டு வருவான்" என்று ஒரே பதில்தான். புளியமரத்தில் உட்காரும் காக்கைகளுக்கு மட்டும் அந்தக் கடையின் பெயர் தெரியும்.

வண்டியை ரிவர்ஸ் எடுக்க அவருக்குப் பிடிக்காது. முன்பக்கம் நுழைந்த வண்டி கொட்டகையின் பின்பக்கமாக வெளியே போய், பக்கத்துக் காட்டு வரப்பை ஒட்டிச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வரவேண்டும். ஒரு தடவை பாப்பாரப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்கு என் வண்டியில்தான் வந்தார். பேச்சு சுவாரஸ்யத்தில் திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். "பாய், திருப்பிக்கலாங்களா?" என்றேன். "எதுக்குத் தம்பி? இப்படியே போ, எங்கியாவது வழி இருக்கும்" என்றார். வழி இருந்தது. ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாட்டுனது மாட்டுனதுதான். கழட்டுனா அப்புறம் அது நிக்காது" என்பார். நட்டு போல்ட்டுக்குச் சொல்வது போலவும் இருக்கும், வேறு எதற்கோ சொல்வது போலவும் இருக்கும்.

வேலை தெரியாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கைச் சுத்தம் உண்டு. ஒவ்வொரு நட்டையும் துடைத்துத்தான் மாட்டுவார். இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். யார் வண்டிக்குப் பிரேக் வேலை செய்தாலும், அந்த வண்டி முதல் தடவை தொப்பூர் கணவாய் இறங்கும்போது டிரைவர் பக்கத்தில் அவரே உட்கார்ந்து போவார். கணவாயின் கீழே இறங்கி, எதிர்ப்பக்கம் வரும் பஸ்ஸில் ஏறித் திரும்பி வருவார். "என் கைவேல எறங்கறத நான் பாக்கணும்" என்பார். எந்த மெக்கானிக் இப்படிச் செய்கிறான்? இதனால்தான் அந்தப் பக்கத்து லோடு வண்டிக்காரர்கள் போர்டு தெரியாவிட்டாலும் அவரைத் தேடிப் போனார்கள்.

அப்படிப் போகும்போது அவருடைய வலது காலைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் நான் பிரேக்கை மிதிக்கும்போது அவர் காலும் தரைவிரிப்பை மிதிக்கும். அங்கே பெடல் எதுவும் இல்லை. கண் ரோட்டில் இருக்கும், வாய் ஏதாவது பேசிக்கொண்டிருக்கும், கால் மட்டும் தன் பாட்டுக்கு அமுக்கும். நான் ஒரு தடவை மிதித்தால் அதுவும் ஒரு தடவை.

என்னுடையது சின்ன லோடு வண்டி. எங்கள் காட்டுத் தக்காளியும் ஊர்க்காரர்கள் தக்காளியும் ஏற்றிக்கொண்டு சேலம் மண்டிக்கு ஓட்டுகிறேன். தொப்பூர் இறக்கம் தெரிந்தவர்களுக்கு பிரேக் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே ரோட்டோரத் தடுப்பில் இருக்கும் ஒவ்வொரு நசுங்கலும் யாரோ ஒருவருடைய பிரேக் பிடிக்காமல் போன இடம்.

அந்த வருஷம் முன்சக்கரப் பிரேக் இறுகிக்கொண்டது. சக்கரத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் துருவேறிப் போயிருந்தது. இரண்டு பக்கத்துக்கும் புதுசு வாங்கி வரச் சொன்னார் பாய். வாங்கிக் கொடுத்தேன். அவர் வண்டிக்கு முன்னால் ஒரு சாக்கை விரித்து, வலது பக்கத்துக் காலிப்பரை வலது சக்கரத்துக்கு நேராகவும் இடது பக்கத்துடையதை இடது சக்கரத்துக்கு நேராகவும் வைத்துக்கொண்டார். எப்போதும் அப்படித்தான் வைப்பார். கொஞ்ச நேரத்தில் சாக்கின் மேல் வெயில் விழுந்தது. சாமானோடு சாக்கைப் பிடித்து நிழலுக்கு இழுத்தார். பிறகு எடுத்து மாட்டினார்.

முடிந்ததும் வழக்கம் போல் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். வண்டியை மெதுவாக முன்னால் நகர்த்தி, பழம் நசுங்கியதும் பிரேக்கை மிதித்தேன். பெடல் ஈரத் துணியை மிதித்தது போல் கீழே போனது. வண்டி நிற்கவில்லை. பழத்தைத் தாண்டிப் போய், அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களில் முட்டித்தான் நின்றது. இன்னொரு தடவை மிதித்தேன். இப்போது பெடல் மேலே வந்து பிடித்தது.

"பாய், மொத மிதியில பிரேக் இல்லீங்க. ரெண்டாவது மிதிக்குத்தான் வருது."

"எலுமிச்சங்கா ஈரம். டயரு வழுக்கிருச்சு" என்றார்.

பழத்தைக் குற்றம் சொல்கிற மனிதரிடம் நான் என்ன பேசுவது?

குழாயில் காற்று இருந்தால் பெடல் இப்படித்தான் கீழே போகும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். காற்றை எடுக்க உட்கார்ந்தோம். நான் உள்ளே பெடலில், அவர் கீழே சக்கரத்தில். "அமுக்கு. புடி. வுடு." நான் அமுக்கிப் பிடிக்கும்போது அவர் காலிப்பரில் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறப்பார். ஆயிலோடு காற்று வெளியே வரவேண்டும். ஆயில் வந்தது. காற்று வரவில்லை. "அமுக்கு. புடி. வுடு." என் தொடை கடுத்துப்போனது. பெடல் அப்படியே இருந்தது.

மறுநாள் ஆயில் சரியில்லை என்றார். ஆயில் மாற்றினோம். அதற்கடுத்து பெடலுக்குப் பின்னால் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஓய்ந்துவிட்டது என்றார். அதையும் மாற்றினோம். ரப்பர் ஹோஸ் உப்புகிறது என்றார். அதையும் மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் காற்றெடுத்தோம். ஒவ்வொரு தடவையும் முதல் மிதி தரை வரைக்கும் போனது.

"தம்பி, உன் கால்ல எதாச்சும் இருக்குதா?" என்று கேட்டார் ஒரு நாள்.

"என்னாங்க பாய்?"

"இல்ல, நீ மிதிக்கறது ஒரு தினுசா இருக்குது."

அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள். "உங்க காலுக்கென்ன? கல்யாணத்தன்னிக்கு உங்க பின்னாடி மணவறையச் சுத்தி வர்றப்போ நானுந்தான் பாத்தேன், நல்லாத்தான இருந்துச்சு? அந்தாளுகிட்ட நேரா கேளுங்க, என்னத்தய்யா தப்பா மாட்டுனன்னு."

கேட்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. கேட்டேன். என் குரலில் கேட்டேன். பழைய காலிப்பர்களைச் சாக்குப் பையில் கட்டி வைத்திருந்தேன். அதில் நிப்பிள் மேல்பக்கம் இருந்தது. புதியதில் கீழே இருந்தது. எங்கள் காட்டுக்குக் கிணற்றிலிருந்து குழாய் ஒரு கரட்டுமேடு ஏறி இறங்கித்தான் வருகிறது. காற்று அடைத்துக்கொண்டால் விடுவதற்கு மேட்டின் உச்சியில்தான் வால்வு வைத்திருக்கிறோம். பள்ளத்தில் வைத்தால் தண்ணீர்தான் வரும், காற்று மேட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். மாடு மேய்க்கிறவர்களுக்கும் தெரிந்த விஷயம் இது.

"பாய், நிப்பிள் கீழ இருக்குதுங்களே. பழசுல மேல இருந்துச்சு. வலதும் இடதும் ஒருவேள..."

"அது புது மாடல் தம்பி" என்றார், நான் முடிப்பதற்குள்.

இன்னொன்றையும் பார்த்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு நாள் அவர் முன்சக்கரங்களுக்கு ஆயில் போகாதபடி முன்பக்க ஹோஸ் இரண்டையும் இடுக்கியால் நெரித்துப் பிடித்து, "இப்ப மிதி" என்றார். மிதித்தேன். பெடல் கருங்கல் மாதிரி நின்றது. அப்படியென்றால் மாஸ்டர் நன்றாக இருக்கிறது, பின்சக்கரம் நன்றாக இருக்கிறது, கோளாறு முன்சக்கரத்தில். இதைவிட வெளிச்சமாக எப்படித் தெரியும்? அவர் இடுக்கியைக் கழற்றிவிட்டு, சக்கரத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முன்னாடி எல்லாம் புதுசு. புதுசுல எப்படித் தப்பு வரும்? பின்னாடி பாத்துரலாம்" என்றார்.

பின்பக்கம் பிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே போய் டீக்கடையில் நின்றேன். "பாய் கழட்ட மாட்டாரு" என்றார் டீக்கடை அம்மா, என் முகத்தைப் பார்த்து. "நீ சக்கர போட்டே குடி சாமி."

இதற்குள் தக்காளி பழுத்துக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் வேறு வண்டியில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு தடவை கை மாறிய லோடு திரும்பி வராது. சேலம் மண்டிக்காரர் போன் செய்து, நாளைக்கு வராவிட்டால் மண்டியில் எனக்கு ஒதுக்கிய இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். பாயிடம் சொன்னேன்.

"லோடு ஏத்து தம்பி. காலி வண்டியில பிரேக் தெரியாது. பாரம் ஏறுனா உக்காந்துக்கும். நான் கூட வரேன் இல்ல?"

இதைக் கேட்டதும் என் மனைவி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தக்காளி போனாப் போவுது. ரோட்டுல கொட்டுனாக்கூடப் போவுது. அந்தாளுக்கு வீம்பு பெருசு. எனக்கு நீங்க பெருசு."

அவள் சொன்னது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் மண்டி இடம் போய்விட்டால் வண்டி எதற்கு? முதல் மிதியில் வராவிட்டாலும் இரண்டாவதில் வருகிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லோடு ஏற்றினோம். அவள் கடைசிப் பெட்டியைத் தூக்கிக் கொடுக்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

அதியமான்கோட்டையில் பாய் ஏறிக்கொண்டார், டூல்ஸ் பையும் சாக்குமாக. சமதரையில் வண்டி ஒழுங்காகத்தான் போனது. முன்னால் எதாவது தெரிந்தால் இரண்டு தடவை மிதித்துக்கொள்வேன். அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அவருடைய பெண் ஓசூரில் வீடு கட்டுவதைப் பற்றி, வாசல்படி உயரமாகப் போய்விட்டதைப் பற்றி. சுங்கச்சாவடி நெருங்கும்போது எல்லோரும் வேகத்தைக் குறைத்தார்கள். நானும் மிதித்தேன். தற்செயலாகக் கீழே பார்த்தேன்.

அவருடைய வலது கால் தரைவிரிப்பை அமுக்கியது. விட்டு, மறுபடி அமுக்கியது.

இரண்டு தடவை.

வாய் வாசல்படியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. கால் இரண்டு தடவை மிதித்தது. வருஷக்கணக்காக ஒரு தடவை மிதித்த கால். இந்த வண்டிக்கு ஒரு மிதி போதாது என்று அந்தக் காலுக்குத் தெரிந்திருந்தது.

இறக்கத்துக்கு முன்னால் லாரிக்காரர்கள் நிறுத்தி டயர் தட்டிப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஓரங்கட்டி நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"ஏன் தம்பி நிறுத்திட்ட?"

"உங்க கால் ரெண்டு வாட்டி மிதிக்குதுங்க பாய்."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். யாருடைய காலோ போலப் பார்த்தார்.

"நான் எறங்க மாட்டேங்க" என்றேன். எனக்கே என் குரல் புதுசாக இருந்தது. "தக்காளி அழுகிப் போவட்டும். எனக்கு வூட்ல ஆள் இருக்குது. உங்களுக்கும் பொண்ணு இருக்குது. இந்தப் பிரேக்க வெச்சிக்கிட்டு நானும் எறங்க மாட்டேன், உங்களையும் எறங்க வுட மாட்டேன்."

அவர் பின்னால் திரும்பி வந்த ரோட்டைப் பார்த்தார். முன்னால் இறங்கும் ரோட்டைப் பார்த்தார். திருப்பு என்று அவரால் சொல்ல முடியாது. போ என்று நான் சொல்ல விடமாட்டேன். என்ன செய்வார் என்று பார்த்தேன். பக்கத்தில் லாரிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன.

"நெழலா பாத்து ஓரமா போடு" என்றார் கடைசியில்.

வேப்பமர நிழலில் போட்டேன். பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தேன். அவர் ஜாக்கியை ஏற்றி, முன்சக்கரங்களைக் கழற்றி, இரண்டு காலிப்பரையும் கழற்றினார். ஹோஸிலிருந்து ஆயில் ஒழுகியது. ஒன்றின் வாயைத் துணியால் கட்டி, இன்னொன்றை என்னை விரலால் அடைத்துக்கொள்ளச் சொன்னார். வண்டிக்கு முன்னால் சாக்கை விரித்து, வலது பக்கத்திலிருந்து கழற்றியதை வலது பக்கமும் இடது பக்கத்திலிருந்து கழற்றியதை இடது பக்கமும் வைத்தார். எடுத்துத் திரும்பவும் அப்படியே மாட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இங்க வெயில் படுது" என்றார்.

அங்கே வெயில் இல்லை. நல்ல நிழல். சாமானோடு சாக்கின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். சாக்கு தரையில் அரை வட்டம் சுற்றியது. வலது பக்கம் இருந்தது இடது பக்கம் வந்தது, இடது வலதானது. அன்றைக்கும் கொட்டகையில் இப்படித்தான் இழுத்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு எப்போது உறைத்தது என்று எனக்குத் தெரியாது. இடுக்கி போட்டுப் பார்த்த அன்றா? நான் நிப்பிளைப் பற்றிக் கேட்ட அன்றா? அவர் என் முகத்தைப் பார்க்காமல் எடுத்து மாட்டினார்.

நிப்பிள் இப்போது மேலே இருந்தது.

"என்ன பாய், எறக்கத்துக்கு முன்னாடியே எறங்கிட்டீங்க?" என்றார் டயர் தட்டிக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவர்.

"நீ போப்பா, பின்னாடியே வரோம்" என்றார் பாய், சக்கரத்துக்கு அடியிலிருந்து.

நான் பெடலில் உட்கார்ந்தேன். "அமுக்கு. புடி. வுடு." முதல் திறப்பிலேயே புசுக்கென்று சத்தம் கேட்டது. பிறகு நிப்பிளில் மாட்டி அவர் தண்ணீர் பாட்டிலில் விட்டிருந்த குழாயில் குமிழிகள் கொப்பளிக்கும் சத்தம் வந்தது. எத்தனை நாள் காற்று! என் காலுக்கு அடியில் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழுந்து, ஒரே மிதியில் கெட்டியாக நின்றது. சொல்ல வேண்டியதை அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஒரே ஒரு வார்த்தை. ஆயில், மாஸ்டர், ஹோஸ், என் கால், அந்த எலுமிச்சம்பழம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு வார்த்தை.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"இது மேடான எடம் தம்பி. அதான் காத்து தானா போயிருச்சு. அங்க பள்ளம்" என்றார்.

கடவுளே, இந்த மனுசனை என்ன செய்வது! டூல்ஸ் பையைத் தூக்கி உள்ளே வீசினேன். ஏறினோம். வண்டியைக் கிளப்பினேன். முதல் வளைவு வந்தது. மிதித்தேன். தக்காளிப் பாரம் மொத்தமும் முன்னால் சாய்ந்து, வண்டி சொன்ன இடத்தில் அடங்கியது. இரண்டாவது வளைவில் கீழே பார்த்தேன். தரைவிரிப்பில் கால் இல்லை.

வலது காலை மடித்து சீட்டின் மேல் வைத்துக்கொண்டு, ஜன்னலில் தலை சாய்த்து அவர் தூங்கிக்கொண்டிருந்தார். என்னோடு அத்தனை தடவை இறங்கியும் அந்தக் கணவாயில் அவர் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. எனக்கிருந்த எரிச்சல் போகவில்லை. ஆனாலும் அடுத்த வளைவில் அவர் தலை இடித்துக்கொள்ளாதபடி மெதுவாகத்தான் திருப்பினேன்.

கீழே பஸ் நிற்கும் இடத்தில் நிறுத்தி, "பாய், எறங்கியாச்சுங்க. தூங்கிட்டீங்களே" என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. கன்னத்தில் ஜன்னல் ரப்பரின் கோடு பதிந்திருந்தது.

"யாரு தூங்குனா?" என்றார்.

கால் இன்னும் சீட்டின் மேல்தான் மடித்திருந்தது.